அம்மா திருத்திய நாவல்

என் நாவலின் வெளியீட்டு விழா தூத்துக்குடியில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் நடந்தது. கீழே பிரியாணிக் கடை. ஐம்பது நாற்காலி போட்டிருந்தோம். முப்பதில் ஆள் இருந்தது, அதில் பாதிப் பேர் என் அலுவலகத்தார். துறைமுகச் சாலையில் சரக்கு கிளியரிங் செய்யும் அலுவலகம் ஒன்றில் நான் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் காகிதங்களைத் தவிர வேறு எதையும் நான் எழுதுவேன் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஊதாப் பட்டுச் சேலை, மடியில் கைப்பை. நாவலில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. "குடும்பக் கதை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

பேச வந்த பேராசிரியர் நல்ல மனிதர். நாவலை முழுதாகப் படித்துவிட்டு வந்திருந்தார், அதுதான் வினை. "பத்து வயதில் கடல் தாண்டி வந்த இந்தத் தாய், ஒரு வார்த்தை பேசாமல், கடலைப் பார்த்துப் பார்த்தே தன் வாழ்க்கையை அழுது தீர்த்தவள்" என்றார். அவர் குரல் உடைந்தது. யாரைச் சொல்கிறார் என்று அம்மா திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள்.

கூட்டம் முடிந்ததும் இளம்பெண் ஒருத்தி வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு வலியைத் தாங்கியிருக்கீங்கம்மா!"

"ஆமாம்மா. லிப்ட் இல்லாம மாடியில வச்சிருக்காவ பாரு" என்றாள் அம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டே.

அம்மாவின் கதை எங்கள் வீட்டில் சுருக்கமாகத்தான் சொல்லப்பட்டு வந்தது. அவளுடைய அப்பா கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் இறந்த பிறகு, இலங்கையில் குடியுரிமை கிடைக்காத குடும்பங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில், அவளும் அவள் தம்பியும் அம்மாவும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அதற்குச் சில வாரம் முன்னால் இரண்டு வயதுத் தங்கை காய்ச்சலில் இறந்துபோனாள். அவ்வளவுதான். இந்தப் பக்கம் வந்து திரேஸ்புரத்தில் ஒரு சந்துக்குள் குடியேறினார்கள். தெரு அவர்களை "சிலோன்காரங்க" என்றது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் செத்துப்போன அந்தச் சித்தியின் பெயருக்கு ஒரு பூசை உண்டு. நானும் முழங்காலிட்டு அவளுக்காக வேண்டியிருக்கிறேன், மனப்பாடமாக, மனம் வேறெங்கோ இருக்க.

அம்மா தையல்காரி. என்னையும் என் அண்ணனையும் வெளியே கூட்டிப்போனால் பாவாடை நாடாவால் எங்கள் மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டிவிடுவாள். பஸ்ஸிலோ ரயிலிலோ நாங்கள் தூங்கக் கூடாது. கண் சொருகினால் தொடையில் கிள்ளுவாள். அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர், வருடத்தில் பத்து மாதம் கடலில். மீதி இரண்டு மாதம் அவரையும் நாடாவால் கட்ட முடியாதா என்று அவள் யோசித்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

எட்டு வயதில், மாதா கோயில் தேரோட்டத்தன்று, பல்லால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ஜவ்வுமிட்டாய்க்காரன் பின்னால் போனேன். பத்து நிமிடம் இருக்கும். என்னைக் கண்டுபிடித்ததும் அம்மா செருப்பைக் கழற்றி, தேருக்கு முன்னால், ஊர் முன்னால், கை ஓயும்வரை அடித்தாள். பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஒன்றும் நடக்காதது போல "ஏளா, ஊசியில நூலக் கோத்துக் குடு" என்றாள்.

நான் தாயானபோது இதில் எதையும் செய்யமாட்டேன் என்று உறுதி எடுத்திருந்தேன். எல்லோரும் எடுப்பதுதான். என் மகள் சென்னையில் விடுதியில் தங்கி உளவியல் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை மதியம் அவள் போன் நாலு மணி நேரம் அணைந்திருந்தது. விடுதி வார்டனைக் கூப்பிட்டேன். அவள் தோழிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். காவல் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். அதற்கும் ஆறாமல் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலை விடுதி வாசலில், கலைந்த தலையோடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற என்னை அவளுடைய வகுப்பே பார்த்தது. அவள் சினிமாவுக்குப் போயிருந்தாள். போனில் சார்ஜ் இல்லை.

"நீயும் பாட்டியும் ஒண்ணுதாம்மா. பாட்டி நாடாவால கட்டுனா, நீ போனால கட்டுற" என்றாள். அப்புறம் தலைமுறை வழியாக இறங்கும் காயம் என்று ஏதோ விளக்கினாள். அதற்கு ஒரு பாடமே இருக்கிறதாம், பரீட்சையில் பத்து மதிப்பெண்ணாம்.

திரும்பி வந்த பஸ்ஸில்தான் எழுத ஆரம்பித்தேன். மூன்று வருடம் எழுதினேன். நாவலில் வரும் அம்மா ஒல்லி, மெதுவாகப் பேசுவாள், அந்தி சாயும்போது கடற்கரையில் நிற்பாள். செருப்பைக் கழற்றவே மாட்டாள். சித்தி காய்ச்சலில் செத்தது நாவலுக்குப் போதவில்லை, அதனால் தலைமன்னாரில் கப்பல் ஏறும் பாலத்தில் அக்காவின் கை நழுவிக் கடலில் விழுந்தாள் என்று எழுதினேன். முத்து என்ற சொல் இல்லாமல் தூத்துக்குடி நாவல் விற்காது என்று பதிப்பாளர் சொன்னதால் ஒரு முத்துக்குளிக்கும் தாத்தாவையும் சேர்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் முத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

விழா முடிந்த மறுநாள் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பால்பாயின்ட் பேனாவோடு உட்கார்ந்தாள். இரண்டு நாள் தையல் மெஷின் ஓடவில்லை. மூன்றாம் நாள் அலுவலகம் முடிந்து நான் அவள் வீட்டுக்குப் போனபோது நாவல் தடித்துப்போயிருந்தது. அத்தனை பக்கத்தின் மூலையையும் மடக்கி வைத்திருந்தாள்.

"இங்கன உக்காரு" என்றாள். "மொதப் பக்கத்துலயே கடலப் பாத்து அழுதேன்னு போட்டிருக்க. நான் எப்பம்ளா கடலப் பாத்து அழுதேன்? கடல்ல என்ன இருக்கு? நாத்தம்."

"அது நீ இல்லம்மா. கதாபாத்திரம்."

"அப்பம் அவளுக்கும் எனக்கும் ஏன் ஒரே எடத்துல தழும்பு?" பக்கத்தைத் திருப்பினாள். "பாறை மீன் கொழம்புல தக்காளி போடுதா. எந்தக் கேனச்சி போடுவா? இந்த முத்துக் குளிக்கவன் யாரு?"

"பதிப்பாளர் கேட்டார்."

"பதிப்பாளருக்குப் பொறந்தவனா?"

அவள் இன்னொரு பக்கத்தைப் பிரித்தாள். அதில் ஓரம் முழுவதும் நீல மையால் கோடு போட்டிருந்தது.

"இங்கன பாரு. பாலத்துல அந்தப் பிள்ள கைய விட்டுக் கடல்ல விழுந்து சாவுது."

"அதை மட்டும் மாத்திட்டேம்மா. காய்ச்சல்னு எழுதினா அவ்வளவு..."

"ஏளா, அவ எங்க செத்தா? நேத்து சாயங்காலங்கூட போன்ல பேசுனா."

அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, ஒரு வாட்ஸ்அப் படத்தைக் காட்டினாள். குட்டை முடிக்குச் சாயம் பூசி, உதட்டுச் சாயமும் பூப்போட்ட கவுனும் போட்ட ஒரு பெண். அம்மாவின் மூக்கு. அம்மாவின் முன்நெற்றி. கீழே அன்று காலையில் வந்த செய்தி: ஒரு ரோஜாப்பூ, அதன்மேல் சிங்களத்தில் ஏதோ வாசகம்.

அன்றுதான் முழுதும் சொன்னாள். கொழும்பில் எதிர் வீட்டில் பிள்ளையில்லாத ஒரு சிங்களப் பெண் இருந்தாள். கத்தோலிக்கத்தி, ஒரே கோயிலுக்குப் போனவர்கள். கிளம்புகிற நாள் விடியற்காலையில் அம்மாவின் அம்மா சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். வரும்போது கை வெறுங்கையாக இருந்தது. "ரெண்டு மாசத்துல வந்து கூட்டிக்கிடுவோம்" என்றாள். பயணக் காகிதத்தில் நாலு பேர் பெயர் இருந்தது. தலைமன்னாரில் ஒரு அதிகாரி நாலாவது ஆள் எங்கே என்று கேட்டார்.

"எங்கம்மா வாயத் தொறக்கல. என் முதுகுல ஒரு தள்ளு தள்ளுனா. நாந்தான் சொன்னேன், காய்ச்சல்ல செத்துப்போச்சுன்னு. அந்த ஆபீசர் எந்தலையத் தடவிக் குடுத்தான். பத்து வயசு எனக்கு."

பிறகு அதையே எல்லோரிடமும் சொன்னார்கள். ரெண்டு மாதம் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஐந்து வருடம் முன்னால் என் மாமா, தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவர், அங்கே அவர்கள் முன்பு குடியிருந்த சந்தில் விசாரித்து விசாரித்து, நீர்கொழும்பில் தங்கையைக் கண்டுபிடித்தார். அதற்குள் அவர்களுடைய அம்மா செத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"அஞ்சு வருசமாப் பேசிட்டிருக்க. எனக்கு ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியா?"

"போன வருசங்கூடப் பூசைக்குக் குடுத்தியே!"

"திடீர்னு நிறுத்துனா சாமியார் ஏன்னு கேப்பாருல்லா?"

மூன்று வருடமாக நான் அவளுடைய துக்கத்தை அதிகாலையில் எழுந்து எழுதிக்கொண்டிருந்தேன். அதே நேரம் அவள் தன் வீட்டில் உட்கார்ந்து செத்துப்போன தங்கையோடு ரோஜாப்பூ பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறாள். மகளிடம் போனில் சொன்னேன். "இது சிலபஸ்லயே இல்லம்மா" என்றாள்.

தன்னைக் கடலில் தள்ளிக் கொன்ற நாவலைப் பற்றிக் கேள்விப்பட்டதும் சித்தி டிக்கெட் போட்டுவிட்டாள். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் மதுரை விமான நிலையத்துக்கு அழைக்கப் போனோம். கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நான் கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன்.

சித்தி தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"வீடியோல இம்புட்டு குண்டாத் தெரியலயே."

"அக்கா மட்டும் என்ன மெலிவா?" என்றாள் சித்தி. அவள் தமிழ் சிங்களத்தில் ஊறிய தமிழ். சொற்களைத் தேடித் தேடி எடுத்து வைப்பாள். பிறகு என் கன்னத்தைக் கிள்ளினாள். "நீ தானே என்னைக் கொன்டது?"

காரில் ஏறிய கொஞ்ச நேரத்தில் சித்தி தூங்கிவிட்டாள். அம்மா அவள் தொடையில் கிள்ளி எழுப்பினாள். மறுபடி தூங்கினாள், மறுபடி கிள்ளினாள். மூன்றாம் தடவை சித்தி கையைத் தட்டிவிட்டு, "விசரா அக்காவுக்கு?" என்று கத்தினாள். பைத்தியமா என்பதை அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சித்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் தினமும் மதியம் நான் நாவலை வாசிக்க, சித்தி கட்டிலில் படுத்துக் கேட்க, அம்மா மெஷினில் இருந்தபடி மறுப்புச் சொல்ல, அலுவலகத்தில் விடுப்புப் போட்டு இதை நடத்தினேன். தான் சாகும் இடம் வந்தபோது சித்தி எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

"நல்ல வடிவா சாக வச்சிருக்கிறாய்" என்றாள். "எனக்கே அழுகை வருது."

"காசுக்கு எழுதுனவ" என்றாள் அம்மா. அதுவும் பொய். அந்த நாவல் பத்துப் பைசா தரவில்லை.

கல்லறைத் திருநாளன்று மூன்று பேரும் மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவும் வாங்கிக்கொண்டு போனோம். சாயங்காலம் நாலு மணி, நல்ல கூட்டம். எல்லாக் குடும்பமும் தங்கள் தங்கள் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தது. எங்கள் கல் சுவரோரம், கறுப்புக் கல். அம்மாவின் அம்மா பெயர், இறந்த தேதி. அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர். அதை நான் சிறு வயதிலிருந்து துடைத்து வந்திருக்கிறேன். அன்று ஈரத்துணியோடு குனிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவைப் பார்த்தேன். அவளும் மறந்துதான் போயிருந்தாள்.

"இது என்ன, கீழே?" என்றாள் சித்தி.

அம்மா சாமந்திப் பூவைப் பிரிக்க ஆரம்பித்தாள். சித்தி தன் பெயரை எழுத்துக்கூட்டக் கற்றிருந்தாள், நான்தான் அந்த வாரம் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்திருந்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனாள். முடிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள். போனை என் கையில் கொடுத்து, கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெயரைச் சுட்டிக்காட்டிப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அந்த நிமிடமே நீர்கொழும்பிலிருக்கும் மகன்களுக்கு அனுப்பினாள்.

"எவ்வளவு வருசம் எனக்குப் பூசை வச்சீங்கள்?"

"வருசா வருசம்" என்றாள் அம்மா. "நம்ம அம்மா சாகும்போது சொன்னா, எஞ்சின்னப் பிள்ள பேரையும் எங்கூடப் போடுன்னு. சொல்லிச் சொல்லிக் கடைசில அவளே நம்பிட்டா."

சித்தியின் சிரிப்பு நின்றது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கொளுத்தாமல், கல்லைப் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா. மூணு பிள்ளையள். ஏன் என்னை?"

இந்தக் கேள்விக்கு நாவலில் நான் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருப்பேன். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"நீதான் தூங்கிட்டிருந்த. அவ மூணு பேரையும் குனிஞ்சு பாத்தா. நான் முழிச்சிருந்தேன், தம்பி முழிச்சு அழுதுட்டு இருந்தான். நீ மட்டும் நல்லாத் தூங்குன. தூங்குத பிள்ளையத் தூக்குனா சத்தம் வராதுல்லா? உன்னத் தூக்குனா. நான் பாத்துட்டே கிடந்தேன். ஒண்ணும் சொல்லல. எங்க என்னத் தூக்கிருவாளோன்னு கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்."

என் தொடையில் நாற்பது வருடத்துக் கிள்ளலெல்லாம் சேர்ந்து எரிந்தது. சித்தி மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, கல்லில் மெழுகை உருக்கி ஊற்றி, தன் பெயருக்கு நேராக நட்டுவைத்தாள். "வச்ச பூசை வீணாகப் போகல்ல" என்றாள். "நான் நல்லா இருந்தன்தானே."

அன்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோக்காரரோடு அம்மா வழக்கத்தைவிட அதிகமாகச் சண்டை போட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சித்தி தன்னை வளர்த்தவளின் படத்தைக் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஆமா, இவதான். தலையில எப்பவும் பூ வப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உன்ன அடிப்பாளா?" என்று கேட்டாள்.

"அம்மாவா? ஒருநாளும் இல்லை. எனக்கு விளங்காத வயசிலேயே சொல்லிட்டா, உன்னைப் பெத்தது வேறொருத்தர், வந்தா போகலாம், வராட்டி இருக்கலாம் என்டு. சாகுறவரைக்கும் என்ர தலையை அவதான் வாரிவிட்டவ."

அம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாளா? விட்டுட்டு வந்தோம் விட்டுட்டு வந்தோம்னு இத்தன வருசம் மனசப் போட்டு உழட்டுனேன். தப்பிச்சவ அவதான். மாட்டுனது நாங்க." நிறுத்தினாள். "அப்புறம் நீ."

அம்மா மெஷினில் இருந்த துணியை எடுத்தாள், வைத்தாள்.

"ரொம்ப அடிச்சிட்டேனோ?"

இல்லை என்று சொல்வதுதான் வழக்கம். நல்ல மகள்கள் அப்படித்தான் சொல்வார்கள். "ஆமா" என்றேன்.

"ம்" என்றாள். "அத மட்டும் ஏன் புத்தகத்துல எழுதல?"

"பயம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்திக்கு என்ன விளங்கியதோ, அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு மட்டும்தான் கண்ணில் நீர் வந்தது. மதுரைக்கு எடுத்துப்போன கைக்குட்டையைத் தேடினால் காணவில்லை.

சித்தி ஊருக்குப் போகும் முன்னால் அம்மா ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனாள். பெயரை எடுக்க வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டாராம். "ஆள் சாகல" என்றாளாம். கல்லில் எழுத்தைச் சேர்க்கச் சொல்லித்தான் இதுவரை வந்திருக்கிறார்கள், எடுக்கச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்லை என்று கொத்தனார் யோசித்துவிட்டு, கோயில் அலுவலகத்தில் கடிதம் வாங்கி வரச் சொன்னார். அம்மா வாங்கினாள். சாமியாரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாளாம். அவர் தாடையைத் தடவிக்கொண்டே, இத்தனை வருடப் பூசையும் வேறு யாருக்காவது போய்ச் சேர்ந்திருக்கும் என்றாராம். இப்போது அந்த இடத்தில் கல் கொஞ்சம் பள்ளமாக, சொரசொரப்பாக இருக்கிறது.

அம்மா பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. விசாரிக்க வந்த போலீஸ்காரர் பிறந்த ஊர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். "கொழும்பு. எழுதும்யா. நானா போய்ப் பொறந்தேன்?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பாஸ்போர்ட் வந்ததும் நானும் கூட வருகிறேன் என்றேன்.

"நீ வேண்டாம்" என்றாள். "வந்தா எழுதுவ."

தனியாகத்தான் போனாள். ஒரு மாதம் இருந்தாள். பழைய சந்தில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை இருக்கிறதாம். எதிர் வீட்டில் யாரோ குடியிருக்கிறார்களாம், கதவைத் தட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்களாம். இரண்டு சகோதரிகளும் தினம் சண்டை போட்டார்கள் என்று சித்தியின் மகன் எனக்குச் செய்தி அனுப்பினான், எதைப் பற்றி என்று அவனுக்குப் புரியவில்லையாம். ஒரு படமும் அனுப்பியிருந்தான். நீர்கொழும்பு மீன் சந்தையில், இரண்டு பேரும் ஒரு மீன்காரியோடு பேரம் பேசுகிறார்கள். அம்மாவின் வாய் திறந்திருக்கிறது. சித்தியின் வாயும். மீன்காரி பாவமாக இருக்கிறாள்.